70-க்கு 60 எடுத்தாலும் ஃபெயில்தான்! பிரிட்டன் மாணவர் விசாவும் அந்தக் கடைசி 10 பாயின்ட்டும்

என் கல்லூரித் தோழியின் அப்பா அந்த ஒரு மாதம் ஏடிஎம் பக்கமே போகவில்லை. பெட்ரோல் போடக்கூட அம்மாவிடம்தான் காசு வாங்கினார். வீட்டுக் காலண்டரில் தினமும் ஒரு தேதியை பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். மொத்தம் 28 நாள். அந்த 28 நாளும் அவருடைய வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. மகள் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சேர அதுதான் நிபந்தனை.

19-வது நாள் காலையில் போனில் ஒரு எஸ்.எம்.எஸ். என்றைக்கோ எழுதிக்கொடுத்து அவரே மறந்துபோன இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை வங்கி தானாகவே எடுத்திருந்தது. தேவையான தொகைக்கு மேலே அவர் விட்டுவைத்திருந்தது 5,000 ரூபாய். போனது 11,000-க்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து.

"30 லட்சம் வெச்சிருக்கேன். 6,000 ரூபா குறைஞ்சதுக்கா இவ்ளோ பிரச்னை?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால், விசா விதிக்கு அந்த நியாயம் தெரியாது. இந்த வருடம் உங்கள் வீட்டில் யாராவது பிரிட்டனுக்குப் படிக்கக் கிளம்புகிறார்கள் என்றால், ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்கோரை விட இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பாயின்ட் என்பதே ஒரு குழப்பம்

'பாயின்ட் சிஸ்டம்' என்றதும் நமக்கு ஆஸ்திரேலியா, கனடா ஞாபகம் வந்துவிடும். அங்கே வேலைக்காகக் குடியேறும் விசாக்களில் வயதுக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று பாயின்ட் கூட்டுவார்கள். ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம்.

பிரிட்டனின் மாணவர் விசாவில் அந்தக் கதையே இல்லை. மொத்தம் 70 பாயின்ட். வாங்க வேண்டியதும் 70. படிப்புக்கு 50, பணத்துக்கு 10, ஆங்கிலத்துக்கு 10. ஒவ்வொன்றிலும் முழுசாகக் கிடைக்கும், இல்லையென்றால் பூஜ்யம். பாதி மார்க் கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ்-ல் 8.5 வாங்கினாலும் அதே 10 தான். அந்த 8.5-ஐக் காட்டி பணத்தில் விட்ட 10-ஐப் பிடிக்க முடியாது.

2009-ல் 'டியர் 4' என்ற பெயரில் இந்த முறை வந்தபோது மொத்தமே 40 பாயின்ட்தான். 2020 அக்டோபரில் 'ஸ்டூடன்ட் ரூட்' என்று பெயர் மாறி, 70 ஆனது. எண் மாறியதே தவிர, எல்லாவற்றையும் பூர்த்தி செய்தால்தான் விசா என்பது மாறவில்லை. பாயின்ட் என்ற வார்த்தையை மறந்துவிட்டு மூன்று பூட்டுள்ள கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் 50: ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது

பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர் வந்ததுமே ஸ்டேட்டஸ் போட்டு, ஸ்வீட் கொடுத்துவிடுகிறோம். விசாவுக்கு அது போதாது. அங்கே வேண்டியது சி.ஏ.எஸ். என்ற ஒரு எண். பிரிட்டன் அரசிடம் லைசென்ஸ் வாங்கிய கல்வி நிறுவனம், 'இந்த மாணவரை நாங்கள் இந்தப் படிப்பில் சேர்த்துக்கொண்டோம்' என்று உள்துறை அலுவலகத்தின் கணினியில் பதிவு செய்துவிட்டுக் கொடுக்கும் எண் அது. ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும்.

'விசா ஆபீஸ்ல கேக்குற பேங்க் ஸ்டேட்மென்ட்டை யுனிவர்சிட்டியே ஏன் முன்னாடியே கேக்குது?' என்று பலர் எரிச்சல்படுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. தாங்கள் சி.ஏ.எஸ். கொடுத்த மாணவர்களில் விசா மறுக்கப்பட்டவர்கள் 10 சதவீதத்தைத் தொட்டால் பல்கலைக்கழகத்தின் லைசென்ஸுக்கே சிக்கல் என்பது பழைய விதி. அந்த வரம்பை 5 சதவீதமாக இறுக்கப்போவதாக 2025 மே மாதம் வெளியான வெள்ளை அறிக்கையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. ஆகவே, உங்களுக்கு விசா கிடைக்காவிட்டால் அடி அவர்களுக்கும்தான். சி.ஏ.எஸ். கொடுக்கும் முன்பே வீடியோ காலில் இன்டர்வியூ வைக்கிறார்கள், பண ஆவணங்களைச் சலித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், முடித்துவிட்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று விசா அதிகாரியும் கேட்கலாம். ஏஜென்ட் எழுதிக்கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தால், நீங்கள் உண்மையான மாணவர்தானா என்ற சந்தேகம் வரும்.

இன்ஜினீயரிங், அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சில குறிப்பிட்ட முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு 'ஏடாஸ்' என்ற பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் குறைந்தது 30 வேலை நாள்கள் ஆகும். வேண்டுமா வேண்டாமா என்று பல்கலைக்கழகத்திடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்துக்கு 10

நாம் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சுலபம். பட்டப்படிப்பு, அதற்கு மேல் என்றால் 'பி2' நிலை வேண்டும். விசாவுக்கான ஐ.இ.எல்.டி.எஸ்-ல் நான்கு பிரிவிலும் தலா 5.5. பல்கலைக்கழகம் கேட்பது பெரும்பாலும் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

நல்ல பதிவு உள்ள பல்கலைக்கழகங்களுக்கு, பட்ட நிலைப் படிப்புகளில் மாணவரின் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் அதிகாரம் உண்டு. பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை வைத்து ஐ.இ.எல்.டி.எஸ். இல்லாமலே சிலர் போவது இப்படித்தான். அப்படி மதிப்பிட்டிருந்தால் அது சி.ஏ.எஸ்-ஸில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு 10: இங்கேதான் சறுக்குகிறோம்

எவ்வளவு காட்ட வேண்டும்? முதல் வருட டியூஷன் ஃபீஸில் கட்ட வேண்டிய மீதி, அதோடு அதிகபட்சம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் உள்ள கணக்குப்படி லண்டனில் படித்தால் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்கு 13,761 அல்லது 10,539 பவுண்டு. இந்தத் தொகை அவ்வப்போது ஏறும். விண்ணப்பிக்கிற வாரம் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் போன சீனியர் சொன்ன கணக்கு இந்த வருடம் உதவாது.

லீட்ஸ் மாதிரி ஓர் ஊரில் ஒரு வருட மாஸ்டர்ஸ், ஃபீஸ் 20,000 பவுண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டெபாசிட்டாக 5,000 கட்டிவிட்டீர்கள். மீதி 15,000, வாழ்க்கைச் செலவு 10,539. ஆக 25,539 பவுண்டு. பவுண்டு 118 ரூபாய் என்றால் 30 லட்சத்து 14 ஆயிரத்துக்கு வரும். சரி, 30 லட்சத்து 20 ஆயிரம் போட்டு வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கணக்குப் பார்ப்பது பவுண்டில். அதற்கு எடுத்துக்கொள்வது நீங்கள் விண்ணப்பிக்கும் தேதியில் 'ஓஆண்டா' என்ற நாணய மாற்றுத் தளத்தில் உள்ள விகிதத்தை. அன்றைக்குப் பவுண்டு 121 ஆகியிருந்தால் தேவை 30 லட்சத்து 90 ஆயிரம். உங்களிடம் 70 ஆயிரம் குறைகிறது. யார் மீதும் தப்பில்லை, ஆனாலும் அந்த 10 பாயின்ட் போச்சு. தேவைக்கு மேல் குறைந்தது ஓரிரண்டு லட்சமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த 28 நாள். தொடர்ச்சியாக 28 நாள், ஒரு நாள்கூட தொகை குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். 28-வது நாளுக்கும் விண்ணப்பத் தேதிக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி ஆகஸ்ட் 10 என்றால், ஜூலை 14 முதல் பணம் அங்கே இருந்திருக்க வேண்டும்; செப்டம்பர் 10-க்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் கட்டணம் கட்டும் நாள். வி.எஃப்.எஸ். மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்கும் நாள் அல்ல.

28 நாளில் எந்த நாளில் பணம் மிகக் குறைவாக இருந்ததோ, அந்த நாளின் பேலன்ஸ்தான் உங்கள் தொகை. மாதக் கடைசியில் கோடி ரூபாய் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி., இன்ஷூரன்ஸ், ஓ.டி.டி. சந்தா, வங்கி எடுக்கும் எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று தானாகப் போகிற எதுவும் இல்லாத கணக்காகப் பாருங்கள். அல்லது அவற்றை முன்பே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

யாருடைய கணக்கு?

நம் குடும்பங்களில் வெளிநாட்டுப் படிப்பு என்பது கூட்டு முயற்சி. பெரியப்பா கொஞ்சம், அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம், தாத்தா பேரில் இருக்கும் எஃப்.டி. கொஞ்சம். மொய் எழுதுவது மாதிரி எல்லோரும் கை கொடுப்பார்கள். அழகான பழக்கம்தான். ஆனால், விசா விதிப்படி காட்டக்கூடியது மாணவரின் சொந்தக் கணக்கு, அல்லது அப்பா அம்மா கணக்கு, பெற்றோர் இல்லையென்றால் சட்டப்படியான காப்பாளரின் கணக்கு. தாத்தா, மாமா, சித்தப்பா, கூடப்பிறந்த அண்ணன் யாருடைய ஸ்டேட்மென்ட்டும் செல்லாது. அவர்கள் உதவுவதாக இருந்தால் பணம் உங்கள் கணக்குக்கோ அப்பா அம்மா கணக்குக்கோ வந்து, வந்த நாளிலிருந்து 28 நாள் இருக்க வேண்டும். திடீரென்று வந்த பெரிய தொகைக்கு விளக்கம் கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள். யார் கொடுத்தது, எப்படி வந்தது என்பதற்கான தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நகை, நிலம், வீடு? நம்மைப் பொறுத்தவரை அவைதான் சொத்து. 100 பவுன் நகையும் நாலு ஏக்கர் நஞ்சையும் இருக்கிறது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், இந்த 10 பாயின்ட்டுக்கு அதன் மதிப்பு பூஜ்யம். ஷேர், பி.எஃப். கணக்கும் அப்படியே. வேண்டும்போது உடனே எடுக்க முடிகிற பணம் மட்டும்தான் பணம். எஃப்.டி-யை எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம் என்றால் காட்டலாம். வரிச் சலுகைக்காகப் போட்ட ஐந்து வருட எஃப்.டி-யை முறிக்க முடியாது, அதனால் அது உதவாது. நகையை அடகு வைத்தோ, நிலத்தை விற்றோ பணமாக்கி கணக்கில் போட்டால், அந்த நாளில் இருந்து 28 எண்ணத் தொடங்கலாம். நிலம் விற்பது ஒரு வாரத்தில் முடிகிற வேலையா? ஏப்ரலிலேயே பேச ஆரம்பித்தால்தான் ஜூலையில் கையில் இருக்கும்.

இனிஷியல் பிரச்னை

அப்பா அம்மா கணக்கைக் காட்டினால் இரண்டு ஆவணங்கள் கூடுதலாக வேண்டும். ஒன்று, அவர்கள் உங்கள் பெற்றோர்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ். இன்னொன்று, இந்தப் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா?

தமிழ்நாட்டில் இது எளிதல்ல. நம் பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் கட்டமே காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், அப்புறம் போய்ச் சேர்த்திருக்கவும் மாட்டார்கள். அப்பா பெயர் சான்றிதழில் 'முருகேசன்', வங்கியில் 'எம்.முருகேஷ்', உங்கள் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் வேறு ஒன்று. நம் தெருவில் எல்லோருக்கும் அவர் ஒருவர்தான். லண்டனில் ஃபைலைப் பார்க்கிறவருக்கு மூன்று பேர். பெயர் சேர்ப்பது, எழுத்துப்பிழை திருத்துவது என்று மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். உங்கள் சான்றிதழை எடுத்து இன்றைக்கே ஒரு முறை பாருங்களேன்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் மகன், மகள் பெயரிலேயே கணக்கு தொடங்கி மொத்தப் பணத்தையும் அதில் போட்டுவிடலாம். பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் தேவைப்படாது.

கல்விக் கடன் என்ற இன்னொரு வழி

முறையான வங்கியோ நிதி நிறுவனமோ மாணவரின் பெயரில் கொடுக்கும் கல்விக் கடனைக் காட்டினால் 28 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இது. வங்கியின் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருந்தால் போதும்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். விசா கிடைத்தால் கடன் தரப்படும் என்ற ஒரு நிபந்தனை இருக்கலாம். 'சொத்துப் பத்திரம் அடமானம் பதிவான பிறகு' என்று ஒரு வரி இருந்தால், கடன் இன்னும் உறுதியாகவில்லை என்றே அர்த்தம். அடமான வேலையை முடித்துவிட்டு, அந்த வரி இல்லாத கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். பொதுத்துறை வங்கிகளில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வில்லங்கச் சான்று, சட்ட ஆலோசகர் அறிக்கை, மதிப்பீடு என்று வாரங்கள் ஓடும். 28 நாள் மிச்சம் என்று நினைத்து இதில் இரண்டு மாதம் விட்டவர்களும் உண்டு.

மூன்றாவதாக ஒரு வழியை உங்களிடம் யாராவது மெதுவான குரலில் சொல்லலாம். 'ஷோ மனி'. வட்டிக்கு 28 நாள் உங்கள் கணக்கில் பணம் போட்டு எடுத்துக்கொள்வார்களாம். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பணம் உண்மையிலேயே உங்கள் படிப்புக்கானதாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். போலி ஆவணம், ஏமாற்று என்று முடிவானால் வெறும் மறுப்போடு போகாது, 10 வருடம் பிரிட்டன் விசா கிடைக்காமல் போகலாம். இதைச் சொல்லிக்கொடுத்த ஏஜென்ட்டுக்கு எந்தத் தடையும் வராது. ஃபார்மில் இருப்பது உங்கள் பெயர்.

காட்டுவது வேறு, கட்டுவது வேறு

இதுவரை சொன்னது காட்ட வேண்டிய பணம். இது தவிர விசா கட்டணம் தனி. 2025 ஏப்ரலில் அது 524 பவுண்டு ஆனது. மருத்துவ வசதிக்கான ஹெல்த் சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புதானே என்று 776-ஓடு நிறுத்திவிடாதீர்கள். 12 மாதப் படிப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 17 மாதம் விசா கொடுப்பார்கள். அதனால் ஒன்றரை வருடக் கணக்காக 1,164 பவுண்டு வரும். காசநோய் பரிசோதனை, பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும். அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

'அங்க போய் பார்ட் டைம் வேலை பாத்துக்குவேன்' என்ற நம்பிக்கையை இந்த 10 பாயின்ட் கணக்கில் சேர்க்க முடியாது. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு, அரசு ஸ்காலர்ஷிப் போன்ற சில வகைகள் தவிர மற்றவர்கள் கணவன், மனைவியை உடன் அழைத்துப்போகவும் முடியாது.

என் தோழிக்கு வருவோம். அவள் விண்ணப்பிக்கும் முன்பே ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டதால் மறுப்பு முத்திரையிலிருந்து தப்பித்தாள். அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கேள்வி அநேகமாக இருக்கும். அதற்கு 'இல்லை' என்று எழுத முடிவது பெரிய விஷயம். ஆனால், மறுபடி 28 எண்ணி முடிப்பதற்குள் செப்டம்பர் சேர்க்கைக்கான கடைசித் தேதி போய்விட்டது. ஜனவரிக்குத் தள்ளிப்போட்டாள். புது சி.ஏ.எஸ்., காலாவதியான காசநோய் சான்றுக்குப் பதில் இன்னொரு பரிசோதனை, பவுண்டு விலைக்கு ஏற்ப இன்னொரு 80 ஆயிரம், வேலையை ராஜினாமா செய்துவிட்டதால் நான்கு மாதம் வீட்டில்.

இப்போது அவள் படிப்பை முடித்துவிட்டாள். போன மாதம் ஊரில் ஒரு கல்யாணத்தில் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். தம்பி மகன் மான்செஸ்டர் போகிறானாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "உன் அக்கவுன்ட்ல எல்.ஐ.சி. ஆட்டோ டெபிட் இருக்கா? இருந்தா மொதல்ல அதைத் தூக்கி உன் பொண்டாட்டி அக்கவுன்ட்டுக்கு மாத்து. அப்புறம் பாயசம் சாப்பிடலாம்."